பின்னால் வந்த வீடு

நாற்பதைத் தாண்டிவிட்டோம். மருந்துப் பெட்டியில் இருக்கும் சின்ன எழுத்தைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் வாசிக்கிறோம். புதன்கிழமைப் பின்னேரங்களில் சுவிஸ் பிள்ளைகள் நீந்தப் போக, நாங்கள் மட்டும் தமிழ்ப் பள்ளியின் குளிர்ந்த வகுப்பறையில் ல, ள, ழ சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்தக் கூட்டத்தில் கடைசி வாங்கில் இருந்தவள்தான் நான். போன மாதம் நம்மில் ஒருத்தி தான் வாங்கிய வோன்வாகனின் படத்தை எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற அந்தச் சின்ன வீடு, வெள்ளை வெளேரென்று, புதுசு. நீங்கள் எல்லோரும் வாழ்த்தினீர்கள். நானும் வாழ்த்தினேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு யன்னலோரம் போய் நின்றேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு கோடைக்கு அப்படி ஒன்று இருந்தது. அதைப் பற்றி உங்களில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

நாங்கள் அப்போது எம்மன்புரூக்கேயில் இருந்தோம். அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் அவருடைய ஃபோர்மன் ஓய்வுபெற்றார். முழங்கால் இனி ஒத்துழைக்காது என்று சொல்லித் தன் வோன்வாகனை அப்பாவுக்குச் சும்மா கொடுத்துவிட்டார். கொடுக்கும்போதே குறைகளைச் சொல்லித்தான் கொடுத்தார். கூரை ஒரு மூலையில் ஒழுகும். தண்ணீர்ப் பம்பை இரண்டு தரம் தட்டினால்தான் இயங்கும். கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்துபோயிற்று, வெளியிலிருந்துதான் திறக்கலாம். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். பிறகு ஓல்டனிலிருந்த பெரியப்பாவுக்குப் போன் எடுத்தார், ஏனென்றால் எங்களிடம் கார் இல்லை.

அப்பாவின் அண்ணன் அவர். முதலில் இந்த நாட்டுக்கு வந்தவர். டாவோஸில் ஒரு ஹோட்டலின் நிலவறையில் கோப்பை கழுவி, அந்த உழைப்பில்தான் அப்பாவை இங்கே கூப்பிட்டார். பிறகு ஓல்டனில் ஒரு சரக்குக் கிடங்கில் நல்ல வேலைக்குப் போய்விட்டார். பெரியப்பா ஒன்றைச் சொன்னால் அப்பா மறுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா பெரியப்பாவோடு நேரே கதைப்பதே இல்லை. நான் நடுவில் நிற்க வேண்டும். ‘பெரியப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு, பிள்ளை’ என்பார் அம்மா. இரண்டடி தள்ளி நிற்கும் பெரியப்பாவுக்கு அது கேட்டிருக்கும். ஆனாலும் நான் திரும்பி ஒருமுறை சொல்ல வேண்டும். உங்கள் வீடுகளிலும் இப்படி இருந்திருக்கும்.

பெரியப்பா அந்த வோன்வாகனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். சில்லை உதைத்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

“டேய், இது நல்ல விசயம். உன்ர பெர்மிற் அலுவல் போய்க்கொண்டிருக்கு. நாளைக்குக் கூப்பிட்டு விசாரிக்கேக்க, லீவுக்கு எங்க போனனீங்கள் எண்டு கேப்பாங்கள். சொந்தக்காரர் வீட்டை எண்டு சொல்லாத. கேம்பிங் போனனாங்கள் எண்டு சொல்லு. இந்த நாட்டு ஆக்களுக்கு அதுதான் பிடிக்கும்.”

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் தற்காலிக அனுமதியில்தான் இருந்தார்கள். நிரந்தரமாக இருக்க விண்ணப்பித்து, தபால்காரர் வரும் நேரமெல்லாம் எங்கள் வீடு மூச்சைப் பிடித்துக்கொள்ளும் காலம் அது.

கோடை விடுமுறைக்கு முந்திய வாரங்களில் அம்மாவும் நானும் அந்த வீட்டைக் கழுவினோம். உள்ளே நுழைந்தால் பழைய பஞ்சு மெத்தையும் கோப்பியும் பூஞ்சணமும் கலந்த ஒரு மணம். யன்னல்களில் பெரிய செம்மஞ்சள் பூப் போட்ட திரைச்சீலைகள். முன்பக்கம் ஒரு மேசை, அதைப் பதித்தால் கட்டில். மேலே மூடிபோட்ட சின்னச் சின்ன இறாக்கைகள். எனக்கு அவற்றைத் திறந்து மூடுவதே வேலை. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்துவிட்டு வருகிற அம்மா, அந்தக் குட்டிக் குசினியைத் துடைக்கும்போது மட்டும் ஏதோ பாட்டை முணுமுணுப்பார். ஒருநாள் அந்த மெத்தையில் படுத்துப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள கதவைப் பூட்டிப்போட்டு நாலு நாள் நித்திரை கொள்ளவேணும்” என்றார். அவருக்கு இந்த நாட்டில் அதுதான் முதல் விடுமுறை.

டெசினுக்குப் போவதாகத் திட்டம். கொத்தார்ட் மலைக்குக் கீழே நீண்ட சுரங்கப் பாதை. அதைத் தாண்டினால் அந்தப் பக்கம் இத்தாலி மொழி, வெயில், ஏரிக்கரை. பெரியம்மாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. பெரியப்பா மட்டும் விடியவே காரோடு வந்துவிட்டார். ஏற்றுவதற்குள்ளேயே பிரச்சினை தொடங்கிவிட்டது. பெரியப்பா அரிசி மூட்டையையும் பெரிய பானையையும் வோன்வாகனின் பின்புறம் வைக்கச் சொன்னார். முன்னுக்கு வைத்தால் காருக்குப் பாரமாம். அப்பா ஃபோர்மன் வேறுமாதிரிச் சொன்னதாக மெல்ல இழுத்தார். “ஃபோர்மனோ உனக்குக் கார் ஓட்டப் போறான்?” என்றார் பெரியப்பா. அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

தெருமுனையிலேயே பக்கத்துக் கண்ணாடி ஒரு கம்பத்தில் உரசி உடைந்தது. வோன்வாகன் பின்னால் இருக்கும்போது பார்ப்பதற்கென்று நீட்டிப் பூட்டுகிற கண்ணாடி அது. தெருவில் இறங்கித் துண்டுகளைப் பொறுக்கினார் அப்பா. நெடுஞ்சாலையில் ஏறியபின் பின்னாலிருந்த பாரத்தில் வோன்வாகன் நாயின் வால்போல ஆடத் தொடங்கியது. பார ஊர்திகள் முந்திப் போகும்போதெல்லாம் எங்கள் காரின் பின்பக்கம் இழுபட்டு அப்பாவின் கை கதவின் பிடியை இறுக்கும். இளைப்பாறுமிடத்தில் நிறுத்தித் திறந்து பார்த்தால், இறாக்கையின் மூடி திறந்து மிளகாய்த்தூள் போத்தல் உடைந்து, அம்மா துவைத்துப் போட்டிருந்த விரிப்பெல்லாம் சிவப்பு. அம்மா விரிப்பை உதறி மடித்தார். தும்மித் தும்மி எங்கள் கண்களில் தண்ணீர். அரிசி மூட்டையை அப்பா தானே நடுவுக்கு இழுத்து வைத்தார், பெரியப்பா கழிப்பறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து.

சுரங்கத்துக்கு வெகுதூரம் முன்பே வாகனங்கள் நின்றுவிட்டன. விடுமுறைக் காலத்து நெரிசல் உங்களுக்குத் தெரியும். தார் வெந்தது. காரில் குளிரூட்டி இல்லை. அம்மாவின் மடியிலிருந்த தம்பிக்கு இன்னும் இரண்டு வயதாகவில்லை. முதலில் சிணுங்கினான், பிறகு சத்தி எடுத்தான், பிறகு எடுக்க ஒன்றும் இல்லாமல் ஓங்காளித்தான். புளித்த பால் மணம் காரை நிறைத்தது. பெரியப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

“இப்பிடியே நிண்டால் பின்னேரமாகும். மேலால போவம். பாஸ் ரோட்டால.”

மலையின் மேலால் போகும் பழைய வழியை அவர் சொன்னார்.

“இதை இழுத்துக்கொண்டோ அண்ணை?” என்றார் அப்பா.

“ஏன், பஸ் போகேல்லையே?” என்றவர், தம்பியின் பக்கம் திரும்பினார். “பிள்ளையைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கட்டில்ல கிடத்தச் சொல்லு. யன்னலைத் திறந்துவிட்டால் காத்து வரும். தாயும் கொஞ்சம் படுக்கட்டும்.”

ஓடுகிற வோன்வாகனுக்குள் ஆட்கள் இருக்கக்கூடாது. அது பெரியவர்களுக்குத் தெரியும். அப்பாவின் முகம் அதைச் சொன்னது. வாய் சொல்லவில்லை. “நீர் போய்ப் படும், என்ன. அவன் நித்திரையானால் சரியாயிடும்” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தம்பியின் வியர்த்த தலையைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். கதவு வளைவுகளில் திறந்துவிடாமல் இருக்கப் பெரியப்பா வெளியிலிருந்து பூட்டினார். அந்தச் சாவி, கார்ச் சாவியோடு ஒரே வளையத்தில் கிடந்தது.

ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. நான் பின் இருக்கையில் முழங்காலிட்டு, பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீடு எங்களைத் துரத்திக்கொண்டு வருவதுபோல இருந்தது. அதன் முன்யன்னலில் செம்மஞ்சள் பூக்களுக்கு நடுவே அம்மாவின் முகம். நான் கை காட்டினேன். அம்மாவும் காட்டினார். தம்பி தூங்கிவிட்டான் என்று கன்னத்தில் கை வைத்துக் காட்டினார்.

உச்சியில் நிறுத்தினோம். குளிர் காற்று. கோடையிலும் பாறையிடுக்கில் அழுக்குப் பனி. ஒரு கடையில் சொசேஜ் சுடும் புகை. தரை சரிவாக இருந்ததால் வோன்வாகனின் கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டார்கள். அம்மா வெளியே வந்து நின்று இரண்டு கைகளாலும் தன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“பெரியப்பாவிட்டச் சொல்லு பிள்ளை, இனி நான் முன்னுக்கு வாறன் எண்டு. அதுக்குள்ள ஒரே ஆட்டம்.”

நான் போய்ச் சொன்னேன். பெரியப்பா தேநீர்க் கோப்பையை ஊதிக்கொண்டிருந்தார்.

“நித்திரை கொள்ளுற பிள்ளையை ஏன் எழுப்புவான்? இனி இறக்கம்தானே. கொஞ்சத் தூரம். கண்ணை மூடித் திறக்கமுன்னம் கீழ ஐரோலோ ஊர் வந்திடும்.”

நான் திரும்பி வந்து சொன்னேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் சப்பாத்தைப் பார்த்தார். அந்த மூன்று பேரும் நின்ற நிலை இன்றைக்கும் எனக்கு வரையத் தெரியும். அம்மா உள்ளே ஏறி, குளிருக்கு யன்னல்களை இழுத்துச் சாத்தினார். கதவு பூட்டுப்பட்டது.

இறக்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் வந்தது. இறப்பர் கருகுவதுபோல. பெரியப்பா முன்னால் போன லொறியைக் காட்டினார். “அவன்ர பிரேக்” என்றார். நான் பின்னால் பார்த்தேன். அம்மா யன்னலில் இருந்தார். கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவர் ஆட்டுவதை நிறுத்தவில்லை. பிறகுதான் கவனித்தேன், அது ஆட்டுவதல்ல. உள்ளங்கையால் கண்ணாடியில் அடிக்கிறார். சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

“அம்மா கூப்பிடுறா” என்றேன்.

“தம்பிக்கு விளையாட்டுக் காட்டுறா” என்றார் பெரியப்பா. உடைந்த கண்ணாடியில் அவருக்கு வோன்வாகனின் ஒரு மூலைதான் தெரிந்திருக்கும்.

“இல்லை, அடிக்கிறா. கண்ணாடியில அடிக்கிறா!”

அப்பா திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் சாலை பெரிய வளைவாக வளைந்தது. வளையும்போது வோன்வாகனின் பக்கம் முழுதாகத் தெரிந்தது. சில்லிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மெல்லிய சாம்பல் புகை, ஊதுபத்தியிலிருந்து வருவதுபோல, அவசரமில்லாமல்.

“அண்ணை, புகையுது. நிப்பாட்டுங்கோ.”

“நிப்பாட்டுறன், நிப்பாட்டுறன். இடம் வரட்டும்.”

இடம் வந்தது. சாலையோரம் அகன்று, வாகனங்கள் ஒதுங்குவதற்கென்றே விட்ட நல்ல இடம். பெரியப்பா வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் அங்கே ஒரு பொலிஸ் கார் நின்றது. இரண்டு பேர் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

பெரியப்பாவின் கால் பிரேக்கிலிருந்து எழும்பியதை நான் கண்டேன்.

“இஞ்ச ஏலாது. உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம். எழுதினாங்கள் எண்டால் உன்ர பெர்மிற் போச்சு. அடுத்ததில நிப்பாட்டுவம்.”

அப்பாவின் வாய் திறந்தது. மூடியது. நாங்கள் அந்த இடத்தைக் கடந்தோம்.

பின்னாலிருந்த அம்மாவும் அதைக் கண்டார். கார் மெதுவானதையும், பொலிஸ் நின்றதையும், நாங்கள் நிற்காமல் போனதையும். கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு கீழே குனிந்தார். யன்னலில் செம்மஞ்சள் பூக்கள் மட்டும் இருந்தன. அதன் பின்னால் ஏதோ மங்கலாகிக்கொண்டு வந்தது. உள்ளேயும் புகை.

“அம்மாவைக் காணேல்லை” என்றேன். “அப்பா, அம்மாவைக் காணேல்லை!”

அப்போது அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவரை அவரிடம் நான் கேட்காத குரல்.

“நிப்பாட்டடா! நிப்பாட்டடா வண்டியை!”

அண்ணனை ‘அண்ணை’ என்றும் ‘நீங்கள்’ என்றும் அல்லாமல் வேறெப்படியும் கூப்பிடத் தெரியாத மனிதர் அவர். பெரியப்பா பிரேக்கை மிதித்தார். கார் உடனே கேட்கவில்லை. பெரியப்பா கியரைக் குறைத்தார், எஞ்சின் அலறியது. பின்னால் ஏதோ வெடித்தது. வோன்வாகன் ஒரு பக்கம் சாய்ந்து எங்களை இழுத்தது. காரின் பக்கம் பாதுகாப்புக் கம்பியில் உரசி உரசி, அப்பால் ஒன்றுமில்லாத வெறும் வெளி தெரியும் ஒரு வளைவில் போய் நின்றோம்.

முழுதாக நிற்குமுன்னரே அப்பா குதித்துவிட்டார். நான் பின்னால் ஓடினேன். சில்லில் இப்போது நெருப்பு. சின்ன நெருப்புத்தான், ஆனால் அது தரைப்பலகையைத் தேடி நக்கிக்கொண்டிருந்தது. அப்பா கதவைப் பிடித்து இழுத்தார். இழுத்தார். கதவு அசையவில்லை. “திறப்பு! திறப்பைக் கொண்டா!” என்று கத்தினார். பெரியப்பா காருக்குள்ளேயே இருந்தார். சாவியை இழுத்து இழுத்துப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தினால்தான் சாவி வரும் என்பதே அவருக்கு அந்நேரம் மறந்துவிட்டது.

அப்போது பக்க யன்னல் மேல்நோக்கித் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கால் அதை உதைத்திருக்க வேண்டும். புகை வெளியே வந்தது. புகைக்குள்ளிருந்து தம்பி வந்தான். அம்மாவின் இரண்டு கைகளிலும் கிடந்து, பம்புத் தண்ணீரில் நனைத்த, மிளகாய்த்தூள் படிந்த அந்த விரிப்பில் சுற்றப்பட்டு, இருமி இருமி அழுதுகொண்டு. அப்பா அவனை வாங்கி என் கையில் தந்தார். பிறகு அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தார். யன்னல் சிறியது. அம்மாவின் சட்டை கிழிந்தது. இருவரும் சாலையில் விழுந்தார்கள்.

கீழேயிருந்து ஏறி வந்த மஞ்சள் தபால் பஸ் ஒன்று நின்றது. சாரதி தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்து சில்லில் அடித்தார். வெள்ளைத் தூள் பறந்து எங்கள் தலையெல்லாம் படிந்தது. இன்னொரு சிலிண்டரை வேறு யாரோ கொண்டுவந்தார்கள். நெருப்பு அணைந்தபோது பஸ்ஸிலிருந்த ஆட்கள் எல்லோரும் இறங்கி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண்மணி தன் போர்வையை அம்மாவின் தோளில் போட்டார். அம்மாவின் உள்ளங்கைகள் சிவந்து வீங்கியிருந்தன. தலைமயிரில் பிளாஸ்டிக் எரிந்த மணம். அவர் அழவில்லை. தம்பியின் மூக்கைத் தன் பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்கக் கறுப்பு வந்தது.

நாங்கள் கடந்து வந்த அதே பொலிஸ் கார் மேலிருந்து இறங்கி வந்தது. டெசின் பொலிஸ்காரருக்கு இத்தாலி மொழிதான் வசதி. ஜெர்மனைத் தட்டுத் தடுமாறிக் கதைத்தார். வோன்வாகனைச் சுற்றி வந்து, திறந்து தொங்கிய யன்னலைப் பார்த்து, ஓடும்போது உள்ளே யாராவது இருந்தார்களா என்று கேட்டார்.

“நைன்” என்றார் பெரியப்பா உடனே. “ஒருவரும் இல்லை. எல்லோரும் காரில்.”

“டொக்” என்றார் அம்மா.

உங்களுக்கு அந்தச் சொல்லை நான் விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் நாங்கள் ஆயிரம் தடவை சொன்ன சொல். ஒருவர் இல்லை என்று சொல்லும்போது, இல்லை, இருந்தது என்று அவருடைய முகத்துக்கு நேரே வைக்கிற சொல். தமிழில் அதற்கு ஒரு வாக்கியமே வேண்டும். பெரியப்பாவுக்குச் சாப்பாடு ஆயிற்று என்பதைக்கூட என்னைக் கொண்டே சொல்வித்த அம்மா, அன்று அவரை மறுக்க யாரையும் கூப்பிடவில்லை.

“நான் இருந்தேன். பிள்ளையோடு” என்றார் தன் முதியோர் இல்லத்து ஜெர்மனில். “கதவு வெளியில் பூட்டியிருந்தது.”

பெரியப்பா தமிழில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் முழங்கையைப் பிடித்தார். பொலிஸ்காரர் அம்மாவின் கைகளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பிறகு பெரியப்பாவை நீண்ட நேரம் பார்த்தார். எழுதத் தொடங்கினார்.

அம்மாவையும் எங்களையும் பொலிஸ் காரிலேயே ஐரோலோவுக்குக் கொண்டுபோனார்கள். நான் அம்மாவின் காதருகில் கேட்டேன்.

“அம்மா, எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ?”

“தெரியேல்லை, பிள்ளை” என்றார். மறைத்துப் பேசும் பெரியவர்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்தப் பதில் புதிது. நான் அவர் வீங்கிய கையைப் பிடிக்கப் பயந்து, பாவாடையைப் பிடித்துக்கொண்டேன்.

ஐரோலோவில் ஒரு வைத்தியர் தம்பியின் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, பயமில்லை என்றார். அம்மாவின் கைகளுக்குக் களிம்பு பூசிக் கட்டிவிட்டார். பிறகு ரயில் நிலையத்தின் வாங்கில் காத்திருந்தோம். அப்பாவும் பெரியப்பாவும் இழுவை லொறியில் வந்து சேர்ந்தார்கள். வோன்வாகனின் கைப்பிரேக் முழுதாக விடுபடாமலே மலையிலிருந்து இறங்கியிருக்கிறது என்று கராஜ்காரர் சொன்னாராம். உச்சியில் புறப்படும்போது பெரியப்பா அதை விடுவித்திருப்பார் என்று அப்பா நினைத்தார். அப்பா விடுவித்திருப்பார் என்று பெரியப்பா நினைத்தார்.

பெரியப்பா வாங்கின் ஓரத்தில் வந்து நின்றார். அவருடைய சேட்டிலும் வெள்ளைத் தூள். தம்பியின் கன்னத்தைத் தட்டினார்.

“சரி, விடு. கடவுள் புண்ணியத்தில ஒண்டும் நடக்கேல்லைத்தானே.”

அப்பா தலை நிமிர்ந்தார்.

“நடந்தது, அண்ணை” என்றார்.

அவ்வளவுதான். சத்தமில்லாமல், மரியாதையோடுதான் சொன்னார். ஆனால் பெரியப்பாவின் கை தம்பியின் கன்னத்திலிருந்து விலகிவிட்டது. அவர் கராஜை நோக்கி நடந்து போனார். கார் திருத்தும்வரை அவர் அங்கேயே தங்க, நாங்கள் நால்வரும் ரயிலில் வீடு திரும்பினோம். அந்த வோன்வாகனை நான் பிறகு காணவில்லை. அங்கேயே உடைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் பெர்மிற் வந்தது. பொலிஸ் எழுதியது பெரியப்பாவுக்கு ஒரு தண்டப்பணமாக வந்து முடிந்தது. அதைப் பற்றி எங்களை யாரும் கேட்கவில்லை. கேம்பிங் போனீர்களா என்றும் கேட்கவில்லை.

பெரியப்பாவை நான் நெடுங்காலம் மன்னிக்கவில்லை. இப்போது எனக்கு அப்போதைய அவருடைய வயதாகிவிட்டது. ஊரில் சோதனைச் சாவடிகளைக் கடந்து கடந்து தப்பி வந்தவர் அவர். சீருடையைக் கண்டால் நிற்காதே, முகத்தைக் காட்டாதே என்பதுதான் அவரை உயிரோடு இங்கே சேர்த்த பாடம். அந்த மலைச்சரிவில், உதவிக்கென்று நின்ற இரண்டு பேரைக் கண்டபோது அவர் கால் தானாகவே எழும்பியிருக்கிறது. அது விளங்குகிறது. விளங்கியதற்காக அந்த யன்னலில் இருந்த முகம் மறந்துவிடுவதில்லை. பெரியப்பா கலியாண வீடுகளில் அன்று நடந்ததை ஒரு பகிடிக் கதையாகச் சொல்லுவார், டயர் வெடித்த கதை என்று. அவர் தொடங்கியதும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன், இரண்டு வருடத்துக்கு முன்பு, அவருக்குத் தலைமயிர் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது.

“அண்டைக்கு உண்மையைச் சொல்ல உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ, அம்மா?”

“பயம்தான்.” கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஆனால் ஒருத்தரும் இல்லை எண்டு அவர் சொல்லேக்க, என்ர பிள்ளையைத் திரும்ப அதுக்குள்ள வச்சுப் பூட்டின மாதிரி இருந்தது.”

இதெல்லாம் பிறகு. அந்தப் பின்னேரம் ரயிலில் எங்கள் பெட்டியில் வேறு ஆட்கள் இல்லை. அம்மா யன்னலோரம், மடியில் தம்பி. நான் அம்மாவின் எதிரே. அப்பா எங்களோடு இருக்காமல், நடைவழிக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் தனியாக இருந்தார். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் வெளியே இருட்டாகி, யன்னலில் எங்கள் முகங்களே எங்களுக்குத் தெரிந்தன. அம்மா தன் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவர் உடம்பு நடுங்கத் தொடங்கியது. முதலில் தோள். பிறகு பல். சத்தமே இல்லை. தம்பி விழுந்துவிடுவானோ என்று நான் கையை நீட்டினேன்.

அப்பா எழுந்து வந்தார். அம்மாவின் பக்கத்து இருக்கைக்கு முன்னால் வந்து நின்றார், உட்கார அனுமதி கேட்பவர்போல. ரயில் ஆட, மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். அம்மா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுரங்கம் நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் அம்மா கொஞ்சம் உள்ளே நகர்ந்தார். அப்பா உட்கார்ந்தார். கட்டுப்போட்ட தன் இரண்டு கைகளாலும் தம்பியைத் தூக்கி, அவருடைய மடியில் வைத்தார் அம்மா.